அறைக்குள் பூக்கும் குங்குமப்பூ

காஷ்மீரில் மழை ஏமாற்றுகிறது. கிழங்குகள் வீட்டு மாடிக்குக் குடியேறுகின்றன. பூவும் வருகிறது. ஆனால் அடுத்த வருடம்?

அக்டோபர் மாதக் கடைசி. ஸ்ரீநகரிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பாம்போரில் ஒரு வீட்டின் மேல்மாடி. மரச் சட்டங்களில் தரையிலிருந்து கூரை வரை அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டுகளில் மண் இல்லை, தண்ணீர் இல்லை, உரமும் இல்லை. பழுப்புத் தோல் போர்த்திய கிழங்குகள் மட்டும் சந்தையில் குவித்த வெங்காயம் போல நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றின் தலையிலும் வெள்ளை முளை. முளையைப் பிளந்துகொண்டு ஊதாப் பூ. பூவின் நடுவே மூன்று சிவப்பு இழைகள். உலகத்திலேயே விலை உயர்ந்த நறுமணப் பொருள் அந்த இழைகள்தான். வீட்டுப் பெண்கள் குனியாமல், குளிரில் நடுங்காமல், நின்ற இடத்திலேயே பூவைக் கிள்ளிக் கூடையில் போடுகிறார்கள்.

பார்க்கிறவர்களுக்கு மாயாஜாலம் மாதிரி இருக்கும். மண்ணில்லாமல் ஒரு பயிர் பூப்பது எப்படி? சில வருடங்களாகக் காஷ்மீரில் இந்த அறைச் சாகுபடி பரவி வருகிறது. ஷேர்-எ-காஷ்மீர் விவசாயப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் இதை ஊக்குவிக்கிறார்கள். காஷ்மீரோடு விஷயம் நிற்கவில்லை. நொய்டா, புனே போன்ற நகரங்களில் படித்த இளைஞர்கள் ஒரு சின்ன அறையில் ஏ.சி.யை மாட்டி, ஊதா விளக்கைப் போட்டுக் குங்குமப்பூ வளர்க்கும் படங்கள் பத்திரிகைகளில் வந்தபடி இருக்கின்றன. 'சிறிய அறை, லட்சக்கணக்கில் வருமானம்' என்ற தலைப்போடு. பயிற்சி வகுப்புகள், கிழங்கு விற்பனை என்று பக்கத்திலேயே இன்னொரு வியாபாரமும் முளைத்துவிட்டது.

படங்கள் பொய்யில்லை. பூ நிஜமாகவே பூக்கிறது. ஆனால் அந்தப் பூவுக்கான சாப்பாட்டை அறை போடவில்லை. போன வருடமே எங்கோ ஒரு வயல் போட்டு முடித்துவிட்டது. இது புரியாமல் கிழங்கு வாங்குகிறவர்களுக்குத்தான் இரண்டாம் வருடம் கையைக் கடிக்கிறது.

வயலிலிருந்து மாடிக்கு ஏற வேண்டிய கட்டாயம் எதனால் வந்தது? பாம்போரைச் சுற்றியுள்ள மேட்டு நிலங்களுக்குக் கரேவா என்று பெயர். எப்போதோ ஏரியாக இருந்த இடத்தில் படிந்த வண்டல். தண்ணீர் தேங்காது, கிழங்குக்கு அது உயிர். ஆனால் வாய்க்கால் பாசனமும் கிடையாது. ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் பெய்யும் இரண்டு மழைதான் கிழங்கை எழுப்பிவிட வேண்டும். அந்த மழை தவறினால் பூ தவறும். சமீப வருடங்களில் அது அடிக்கடி தவறுகிறது. 1990களின் நடுவில் சுமார் 5,700 ஹெக்டேராக இருந்த குங்குமப்பூ நிலம் பிறகு சுமார் 3,700 ஹெக்டேராகச் சுருங்கியது. சில வயல்கள் ஆப்பிள் தோட்டமாயின, சில வயல்கள் வீட்டு மனையாயின. பக்கத்து சிமெண்ட் ஆலைகளின் தூசி பூவில் படிகிறது என்ற புகார் பல வருடங்களாக உண்டு. போதாக்குறைக்கு முள்ளம்பன்றிகள் இரவில் வந்து கிழங்கைத் தோண்டித் தின்கின்றன.

அரசாங்கம் சும்மா இருந்தது என்று சொல்ல முடியாது. குங்குமப்பூ நிலத்தை வேறு காரியத்துக்கு மாற்றுவதைத் தடுக்க 2007இல் ஒரு சட்டம் வந்தது. 2010இல் சுமார் 400 கோடி ரூபாய் மதிப்பில் தேசியக் குங்குமப்பூ இயக்கம் தொடங்கியது. ஆழ்துளைக் கிணறு, தெளிப்பு நீர்க் குழாய், புதிய நடவு முறை எல்லாம் அதில் அடக்கம். பழைய வயல்களைப் புதுப்பித்த வகையில் பலன் இருந்தது. ஆனால் குழாய்கள் பல இடங்களில் தண்ணீரைப் பார்க்காமலே கிடக்கின்றன என்பது விவசாயிகளின் குறை. 2020இல் காஷ்மீர் குங்குமப்பூவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குப் பாதுகாப்பு வந்தது, மழை வரவில்லை. மாடி அறையில் தட்டு அடுக்கும் யோசனை இந்த இடத்தில்தான் நுழைகிறது.

இந்தச் செடியின் சுபாவம் விசித்திரமானது. இது விதை வைப்பதில்லை. மூன்று தொகுதி குரோமோசோம் கொண்ட மலட்டுச் செடி. கிழங்கிலிருந்து கிழங்கு என்று மனிதன் கைமாற்றிக் கைமாற்றித்தான் ஆயிரக்கணக்கான வருடங்களாக உயிரோடு வைத்திருக்கிறான். சேனைக்கிழங்கு பயிரிட்டவர்களுக்கு இதன் கணக்கு எளிதில் பிடிபடும். நட்ட தாய்க்கிழங்கு செடிக்குச் சோறு போட்டுவிட்டுச் சுருங்கிச் செத்துப்போகும். அதன் மேலேயே புதுக்கிழங்கு உருவாகும். குங்குமப்பூவும் அப்படித்தான். ஒரு தாய்க்கு ஒரு குழந்தை என்றில்லை, பல பிறக்கலாம். ஆனால் எல்லாம் பொடியாகப் பிறந்தால் பிரயோஜனமில்லை. பொதுவாக 8 கிராமுக்குக் குறைந்த கிழங்கு பூப்பதில்லை. 10 கிராம் இருந்தால் ஒரு பூ, அதற்கு மேல் எடை ஏற ஏற இரண்டு, மூன்று.

மே மாதம் இலைகள் காய்ந்ததும் கிழங்கு தூங்கப் போகிறது. வெளிப்பார்வைக்குத்தான் தூக்கம். உள்ளே மொட்டு உருவாகிக்கொண்டிருக்கும். அதற்கு 23 முதல் 27 டிகிரி வெப்பம் இரண்டு மாத அளவுக்காவது தேவை. ஸ்பெயினில் நடந்த ஆய்வுகள் இதைத் தெளிவாகக் காட்டியிருக்கின்றன. காஷ்மீர் கோடையில் மண்ணுக்குள் இந்த வெப்பம் தானாகக் கிடைக்கிறது. வெப்பம் 30ஐத் தொட்டால் மொட்டுகள் குறைகின்றன. பிறகு 15 முதல் 17 டிகிரிக்கு இறங்கியதும் உருவான மொட்டு வெளியே தலைகாட்டும். ஆக, பூக்கும் நேரத்தைச் சொல்லும் கடிகாரம் வெப்பம்தான்.

வெளிச்சம் அல்ல. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். செவ்வந்திப் பூ விஷயம் வேறு. ஓசூர்ப் பக்கத்துப் பசுமைக் குடில்களில் இரவில் விளக்கெரித்துச் செவ்வந்தியைப் பூக்கவிடாமல் தள்ளிப்போடுவார்கள். இரவின் நீளத்தைப் பார்த்துப் பூக்கும் செடி அது. குங்குமப்பூக் கிழங்கோ ஜூலை, ஆகஸ்டிலேயே பூவைத் தயார் செய்து மடியில் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பூக்கும் அறையில் அதற்கு வேண்டியது ஜன்னல் வழியே வரும் சாதாரண வெளிச்சம் போதும். படங்களில் ஜொலிக்கும் ஊதா விளக்கு புகைப்படக்காரருக்கு உதவுவது போலப் பூவுக்கு உதவுவதில்லை. அதற்காக அறையை ஒரேயடியாக இருட்டாக்கி வைத்தாலும் தொல்லைதான். வெளிச்சத்தைத் தேடி இலைகள் வெளுத்து நீண்டு, கிழங்கின் சேமிப்பை வீணாகத் தின்றுவிடும்.

பூக்கும் நாட்களில் உண்மையான தலைவலி ஈரம். அறைக் காற்றில் 80 முதல் 85 சதவீதம் ஈரப்பதம் இருக்க வேண்டும் என்கிறார்கள். காற்று வறண்டால் முளையின் நுனி கருகும். மொட்டு உறையை விட்டு வெளியே வராமலே காய்ந்துவிடும். அதிகமானால் கிழங்கின் மேல் நீர் முத்து கோக்கும். மறுநாளே பூஞ்சாணம். பாம்போரில் தரையில் தண்ணீர் தெளிப்பது, ஈரச் சாக்கைத் தொங்கவிடுவது, தொட்டிகளில் தண்ணீர் வைப்பது என்று சமாளிக்கிறார்கள். கிழங்கின் மேல் நேராகத் தண்ணீர் படக்கூடாது என்பது எல்லோருக்கும் பாடம்.

நகரத்து அறையில் இதே காரியம் பணம் தின்னும் யந்திரமாகிவிடுகிறது. செப்டம்பர் மாத டெல்லியில் வெளியே 35 டிகிரி. அறைக்குள் 17 டிகிரி வேண்டுமானால் ஏ.சி. இரவு பகலாக ஓட வேண்டும். ஏ.சி.யின் குணம் காற்றைக் குளிர்விக்கும்போதே அதிலுள்ள ஈரத்தையும் பிழிந்து வெளியே சொட்டவிடுவது. போன ஈரத்தைத் திருப்பிக் கொண்டுவர ஈரப்பதமூட்டி. ஒரு யந்திரம் எடுப்பதை இன்னொரு யந்திரம் போடுகிறது; மின்சார மீட்டர் இரண்டுக்கும் சேர்த்துச் சுழல்கிறது. நாலு மணி நேரம் மின்வெட்டு வந்தால் வயிற்றைக் கலக்கும். பாம்போர் மாடியிலோ அக்டோபர் மாதக் குளிரை வானமே இலவசமாகத் தருகிறது. இரவில் ரொம்பவும் குளிர்ந்தால் ஜன்னலைச் சாத்தினால் முடிந்தது.

அழுகல் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஃபுசேரியம் என்ற பூஞ்சாணம் காஷ்மீர் வயல்களிலேயே கிழங்குகளைக் காவு வாங்கும் பழைய எதிரி. ஒரு தட்டில் நூற்றுக்கணக்கான கிழங்குகள் தோள் உரசி உட்கார்ந்திருக்கும் அறையில் அதற்குக் கொண்டாட்டம். அதனால் தட்டில் அடுக்குவதற்கு முன்பே காயம்பட்டவை, தொட்டால் மெத்தென்று இருப்பவை எல்லாவற்றையும் கழிக்கிறார்கள். மிச்சத்தைப் பூஞ்சாணக் கொல்லிக் கரைசலில் நனைத்து நிழலில் காயவைத்த பிறகே தட்டுக்கு ஏற்றுகிறார்கள். பூக்கும் அறையில் மின்விசிறி மெதுவாக ஓடிக்கொண்டிருப்பது காற்று தேங்காமலிருக்க. தினம் ஒருமுறை மூக்கை நுழைத்து வாசனை பார்க்கும் அனுபவசாலிகளும் உண்டு. அழுகல் கண்ணில் படுவதற்கு முன் மூக்குக்குத் தெரிந்துவிடுமாம்.

அறையின் நிஜமான லாபம் பறிப்பில் தெரிகிறது. வயலில் விடியற்காலையில் பூ விரிவதற்குள் பறிக்க வேண்டும். மழை பெய்தால் போச்சு, பனி விழுந்தால் போச்சு. அறையில் அந்தப் பதற்றமில்லை. பூவில் மண் ஒட்டுவதில்லை. பறித்த அன்றே இழையைப் பிரித்துக் காயவைத்தால் நிறம் நிற்கிறது. சிவப்பு முனையை மட்டும் பிரித்தெடுத்தால் அது மோங்ரா. மஞ்சள் காம்போடு எடுத்தால் லச்சா. விலை வேறுபாடு பெரியது. நிறத்துக்குக் குரோசின், கசப்புக்குப் பிக்ரோகுரோசின், மணத்துக்கு சஃப்ரனால் என்று மூன்றையும் பரிசோதனைச் சாலையில் அளந்து தரம் போடுகிறார்கள். பாம்போரில் இதற்கென்றே ஒரு வணிக மையம் இருக்கிறது. கர்ப்பிணிக்குப் பாலில் கலந்து கொடுத்தால் குழந்தை சிவப்பாகப் பிறக்கும் என்று நம்பி வாங்கும் நம்மூர்க் குடும்பங்கள் இந்தப் பரிசோதனை முடிவுகளைக் கேட்பதில்லை. குழந்தையின் நிறத்தை எந்தப் பூவும் மாற்றாது என்பதையும்தான்.

இனி பணக் கணக்கு. ஒரு கிலோ குங்குமப்பூவுக்குச் சுமார் 1.5 லட்சம் பூக்கள் வேண்டும். கிராமுக்கு 150. 100 கிலோ கிழங்கு வாங்குகிறார் ஒருவர். ஒவ்வொன்றும் 10 கிராம் என்றால் 10,000 கிழங்குகள். தலைக்கு ஒரு பூ வந்தால் கிடைப்பது சுமார் 66 கிராம். அதிர்ஷ்டமடித்து இரண்டு பூ வந்தால் 130 கிராம் சொச்சம். கிராம் 300 ரூபாய்க்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால் கைக்கு வருவது 20,000 ரூபாய், மிஞ்சிப்போனால் 40,000. கிழங்கைக் கிலோ 500 ரூபாய்க்கு வாங்கியிருந்தால் அதற்கே 50,000 போயிருக்கும். மின்சாரமும் கூலியும் தனி. விலை எகிறும் வருடங்களும் உண்டு. 2025 ஏப்ரலில் பஹல்காம் தாக்குதலுக்குப் பிறகு அட்டாரி எல்லை மூடப்பட்டு ஆப்கானிஸ்தான் சரக்கு நின்றதும், உயர்தரக் காஷ்மீர் சரக்கு கிலோ 5 லட்சம் ரூபாயை ஒட்டிப் போனது. ஆனால் அந்த விலை பாம்போர் பெயருக்கு. நொய்டா அறையில் பூத்ததன் மேல் காஷ்மீர் குறியீட்டை ஒட்ட முடியாது.

ஆக, முதல் வருடப் பூவை வைத்து மட்டும் யாரும் லாபம் பார்க்க முடியாது. கிழங்கு பிழைத்து, பருத்து, பெருகினால்தான் கணக்கு நேராகும். பயிற்சி வகுப்புகள் அவசரமாகக் கடந்துபோகும் பாடமும் இதுதான்.

பூ பறித்து முடிந்த கிழங்கு ஏறக்குறையக் காலியான பானை. இனிமேல்தான் அதற்குப் பசி. நவம்பரிலிருந்து ஏப்ரல் வரை புல் போன்ற மெல்லிய இலைகள் வெயிலைக் குடித்து மாவு தயாரித்துக் கீழே அனுப்ப வேண்டும். அந்த மாவுதான் புதுக்கிழங்கு. பூக்கும்போது வேண்டாமென்று சொன்ன வெளிச்சம், உரம், தண்ணீர் மூன்றும் இப்போது தேவைப்படுகின்றன. உச்சி வெயிலின் வெளிச்சம் சுமார் 1 லட்சம் லக்ஸ். குழல்விளக்கு எரியும் ஒரு சராசரி அறையில் சில நூறு லக்ஸ்தான். இடைவெளியை எல்.இ.டி. விளக்குகளால் நிரப்பலாம், முடியாது என்றில்லை. ஆனால் ஐந்து மாதம் தினமும் பல மணி நேரம் எரிய வேண்டும். சூரியன் பில் அனுப்புவதில்லை, மின் வாரியம் அனுப்பும். பொள்ளாச்சிக்காரர்களுக்கு நன்கு பழக்கமான தென்னை நார்க்கழிவில் கிழங்குகளை நட்டு, உரக் கரைசலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்துப் பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். நார்க்கழிவுக்கென்று பெரிய சத்து எதுவும் கிடையாது. கொடுப்பதைத்தான் தாங்கி வைத்திருக்கும். தழைச்சத்தை அள்ளிக் கொடுத்தால் இலை தளதளவென்று வளரும், கிழங்கு நீர்த்துப்போய் அழுகலுக்கு இடம் கொடுக்கும். கிழங்கு பருக்கும் வேளையில் மணிச்சத்தும் சாம்பல் சத்தும் குறையக்கூடாது. இந்த நிதானம் கைவர வருடங்கள் ஆகும்.

காஷ்மீர் விவசாயிக்கு இதற்கு விடை வாசலிலேயே இருக்கிறது. மாடியில் பூக்கவைத்துவிட்டு வயலில் சாப்பிடவிடுகிறார். மக்கிய தொழுஉரம் போட்டுத் தயாராக வைத்த நிலத்தில் கிழங்கை இறக்கிவிட்டால் மீதியை வெயிலும் வசந்தகால மழையும் பார்த்துக்கொள்ளும். அறைச் சாகுபடி வயலுக்கு மாற்று என்று சொல்வதைவிட, வயலுக்கு மேல் கட்டிய ஒரு மாடி என்று சொல்வதே பொருத்தம். கீழ்த்தளம் இல்லாமல் மாடி மட்டும் நொய்டாவில் தனியாக நிற்கப் பார்க்கிறது.

பாம்போரிலும் இது சிக்கலில்லாத ஏற்பாடு இல்லை. வழக்கமாக ஆகஸ்ட், செப்டம்பரில் நட்ட கிழங்கு அக்டோபருக்குள் வேர்பிடித்திருக்கும். மாடியிலிருந்து இறங்கும் கிழங்கு நவம்பரில்தான் மண்ணைப் பார்க்கிறது. வேர்விடத் தாமதம், அதற்குள் தரை உறையத் தொடங்கிவிடும். தட்டிலேயே வேர்விட்டவை இடம் மாற்றும்போது வேர் ஒடிந்துபோகின்றன. தாமதித்த ஒவ்வொரு வாரமும் புதுக்கிழங்கின் எடையில் கழிகிறது. இன்னொரு கவலையும் சேர்ந்திருக்கிறது. வெளிமாநில அறைச் சாகுபடியாளர்கள் நல்ல விலைக்குக் கிழங்கு கேட்டு வருகிறார்கள். மழையில்லாத வருடத்தில் கையில் காசு வேண்டிய விவசாயி பெரிய கிழங்குகளாகப் பொறுக்கி விற்றுவிடுகிறார். பூப்பதே பெரிய கிழங்குதான். விதை இல்லாத இந்தப் பயிரில் கிழங்கை விற்பது விதைநெல்லை விற்பதற்குச் சமம்.

வேறு மண்ணிலும் முயற்சிகள் நடக்கின்றன. 2020இல் பாம்போர்க் கிழங்குகள் தெற்கு சிக்கிமில் யாங்காங்குக்குக் கொண்டுபோகப்பட்டுப் பூத்தன. இமாசலப் பிரதேசத்திலும் சோதனைகள் தொடங்கின. இரண்டும் மலை, இரண்டும் குளிர், இரண்டிலும் வயல் இருக்கிறது.

நவம்பர் நடுவில் பாம்போர் மாடி காலியாகிறது. தட்டுகள் ஒவ்வொன்றாகப் படியிறங்குகின்றன. மண்வெட்டியால் ஒரு சாண் ஆழத்துக்குச் சால் இழுத்து, கிழங்குகளை நுனி மேலாக நிறுத்தி மூடுகிறார்கள். முன்பே நட்ட வயல்களில் இலைகள் விரல் நீளத்துக்கு நிற்கின்றன. இந்த வயலில் வெறும் மண். பனிக்கு அதிக நாளில்லை. மே மாதம் இலை பழுத்ததும் தோண்டியெடுத்து ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பார்கள். 8 கிராமுக்கு மேல் நிற்பவை ஆகஸ்டில் மறுபடி மாடி ஏறும். மற்றவை வயலிலேயே தங்கும்.